ஃபோக் ராக் பாடல் வரிகளில் வேதாகமமும் இலக்கியமும்: கண்டறிந்து படிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில், வார இறுதியில் சிலர் கூடி ஆங்கில ஃபோக் ராக் (நாட்டுப்புறப் பாணியும் ராக் இசையும் கலந்த) பாடல்களைக் கேட்டு, அவற்றின் வரிகளைப் பேசிப் பார்க்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது என்பதற்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நம் ஊர்களில் கித்தார் வாசிப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலச் சொற்களும் பெரும்பாலோருக்குப் புரிகின்றன. ஆனால் நெடுஞ்சாலையைப் பற்றிய பாட்டுக்குள் ஆபிரகாம் எதற்காக வந்தார், கோமாளியும் திருடனும் பேசிக்கொள்ளும் பாட்டில் காவற்கோபுரம் எங்கிருந்து முளைத்தது என்று யாராவது கேட்டவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. அகராதியைப் புரட்டுவதால் பயனில்லை, ஏனென்றால் அந்தச் சொற்கள் தம் பொருளில் பாதியை வேறொரு நூலில் வைத்திருக்கின்றன. 1960-களில் இப்பாடல் வகையை வளர்த்தவர்கள், நம்பிக்கையுள்ளவர்களும் இல்லாதவர்களும், 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் வேதாகமத்தின் நடையையும் பள்ளியில் படித்த ஆங்கிலக் கவிதைகளையும் பொதுச்சொத்தாகவே கையாண்டார்கள்.

இந்தக் கலை நமக்குப் புதிதன்று. 1997-இல் வந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாடலில் வரும் 'அற்றைத் திங்கள்' என்ற தொடர், புறநானூற்றின் 112-ஆம் பாட்டில் தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடிய கையறுநிலையின் தொடக்கம். துயரத்தின் சொற்கள் காதலுக்குள் இடம் மாறியிருக்கின்றன. புறநானூற்றை அறியாதவருக்கும் பாட்டு இனிக்கும், ஆனால் அறிந்தவருக்கு அந்த நிலவொளியில் ஓர் இழப்பின் நிழலும் தெரியும். மூலம் புறநானூறு என்று கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. மூலத்திலிருந்து பாட்டு எதை மாற்றியது, எதை விட்டது, எதைச் சேர்த்தது என்று கேட்பதுதான் வேலை. இந்த வழிகாட்டி முழுவதும் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

முதலில் சரியான வரிகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரித்தொகுப்புகள் பல, காதால் கேட்டு எழுதப்பட்டவை. அவற்றில் பிழைகள் மலிந்திருக்கும். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் போன்றவர்களின் அதிகாரபூர்வ இணையத்தளங்களில் வரிகள் கிடைக்கும்போது அவற்றையே கொள்ளலாம். எந்தப் பதிவைக் கேட்கிறோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கனடியப் பாடகர் லெனர்ட் கோஹென் 1984-இல் வெளியிட்ட 'ஹல்லேலூயா'வில் இருக்கும் சரணங்களும், 1991-இல் ஜான் கேல் பாடியதில் இருக்கும் சரணங்களும் ஒன்றல்ல. ஒருவர் ஒரு பதிவையும் மற்றவர் வேறொரு பதிவையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் வாதிட்டு வீணாக்க முடியும்.

அடுத்து, இரண்டு விதமான மனிதர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்குச் சிறுவயது முதல் போய்வருபவர் ஒரு வசனத்தின் நிழலைக் கேட்டவுடனே அடையாளம் காண்பார். ஆனால் ஷேக்ஸ்பியரிலும் ஜான் டன்னிலும் அவருக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். இடைநிலைப்பள்ளியில் ஆங்கில இலக்கியம் படித்தவருக்கு இதன் மறுபக்கம் பொருந்தும். மாரியம்மன் கோயில் தெருவில் வளர்ந்த இளைஞருக்கு ஈசாக்கு யார் என்று தெரியாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த வீட்டில் வேதாகமம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கொடுப்பவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து நூல்களின் பெயர்கள் மாறும். மெதடிஸ்டுக் குடும்பத்தின் வேதாகமத்தில் ஆதியாகமம், சங்கீதம், பிரசங்கி என்று இருப்பவை, கத்தோலிக்கக் குடும்பத்தின் திருவிவிலியத்தில் தொடக்க நூல், திருப்பாடல்கள், சபை உரையாளர் என்று இருக்கும். அதிகார எண்ணையும் வசன எண்ணையும் குறித்துவைத்தால் குழப்பம் வராது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், நான் முதலில் சொன்ன பழைய மொழிபெயர்ப்பையே பரிந்துரைப்பேன். அதன் நடைக்கு கிங் ஜேம்ஸ் நடையைப் போலவே ஒரு பழமையின் கம்பீரம் உண்டு. பாடலாசிரியர்கள் கடன் வாங்கியது கருத்தை மட்டுமன்று, அந்தக் கம்பீரத்தையும்தான்.

வரிகளைப் படிக்கும்போது எங்கே நிற்பது? சிறப்புப் பெயர் வந்தால் நிற்பது எளிது. அதைவிடப் பயனுள்ள அடையாளம் நடை மாற்றம். பேச்சு வழக்கில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று முன்பின் தலைகீழாகும் ஒரு வாக்கியத்தைச் சொன்னால், அதற்குப் பின்னால் ஒரு நூல் இருக்கக்கூடும். டிலனின் 1964-ஆம் ஆண்டுப் பாடலான 'த டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சின்'' முடிவில் இப்போது முதலில் இருப்பவன் பின்னர்க் கடைசியாவான் என்று வருகிறது. மத்தேயு 19:30-இல் 'முந்தினோர் அநேகர் பிந்தினோராயும், பிந்தினோர் அநேகர் முந்தினோராயும் இருப்பார்கள்' என்று படித்தவருக்கு அது உடனே பிடிபடும். பிடிபடாதவர் அந்த ஆங்கிலத் தொடரை அப்படியே கிங் ஜேம்ஸ் பதிப்பில் தேடும் வசதியுள்ள ஏதேனும் ஒரு கைப்பேசிச் செயலியில் இட்டுப் பார்க்கலாம். முழு வாக்கியத்தை இடாமல் அரிதான இரண்டு சொற்களை மட்டும் இட்டால் விரைவில் அகப்படும்.

பயிற்சிக்கு, ஒளிவுமறைவு இல்லாத ஒரு பாடலிலிருந்து தொடங்குவது நல்லது. 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாடலுக்கு பீட் சீகர் 1950-களின் இறுதியில் இசையமைத்தார். த பேர்ட்ஸ் குழு பாடிய பதிவு 1965-இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதன் வரிகள் ஏறக்குறைய முழுவதும் பிரசங்கி 3-ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்கள். ஒருவர் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும்: 'பிறக்க ஒரு காலமுண்டு, இறக்க ஒரு காலமுண்டு, நட ஒரு காலமுண்டு, நட்டதைப் பிடுங்க ஒரு காலமுண்டு.' பால்மரங்களை (ரப்பர் மரங்களை) சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டதைக் கண்ணால் பார்த்த ஊரில் இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. பிறகு பாடலை ஒலிக்கவிட்டு, வசனத்தில் இல்லாதது எது என்று கேட்க வேண்டும். சுழலச் சொல்லும் பல்லவி மூலத்தில் இல்லை. கடைசியில், சமாதானத்துக்கான காலம் இன்னும் கடந்துவிடவில்லை என்று ஆணையிட்டுச் சொல்லும் வரியும் இல்லை. இரண்டும் சீகர் சேர்த்தவை.

மூலத்தில் எட்டாம் வசனம் யுத்தத்துக்கு ஒரு காலமும் சமாதானத்துக்கு ஒரு காலமும் உண்டு என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, ஒன்பதாம் வசனத்தில் 'வருத்தப்பட்டுப் பிரயாசப்படுகிறவனுக்கு அதினால் பலன் என்ன?' என்று கேட்கிறது. பிரசங்கி எல்லாவற்றையும் பார்த்துச் சலித்தவர். பாட்டோ அந்த ஒன்பதாம் வசனத்துக்கு முன்பே நின்று, தராசின் ஒரு தட்டை அழுத்துகிறது. இதனால்தான், வரி எந்த வசனத்திலிருந்து வந்ததோ அதை மட்டும் படிக்காமல் அதற்கு முன்னும் பின்னும் உள்ளதையும், இயன்றால் அதிகாரம் முழுவதையும் படிக்க வேண்டும் என்கிறேன். பாட்டு எந்த இடத்தில் நின்றது என்பது பின்னால் இருப்பதைப் படித்தவருக்கே தெரியும்.

இதே பயிற்சியை ஃபோக் ராக் அல்லாத, ஆனால் நம் ஊரில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நன்கு அறிந்த 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாடலிலும் செய்து பார்க்கலாம். ஜமைக்காவின் த மெலோடியன்ஸ் குழு அதை 1970-இல் பாடியது. போனி எம் 1978-இல் உலகமெங்கும் கொண்டுசென்றது. 'பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்' என்று தொடங்கும் 137-ஆம் சங்கீதம் அந்நிய தேசத்தில் பாட்டுப் பாடும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் குரல். ஜமைக்கர்கள் கர்த்தரின் பெயர் வரும் இடத்தில் தங்கள் ரஸ்தாஃபாரி சமயச் சொல்லை வைத்தார்கள். போனி எம் அதை மறுபடியும் கர்த்தராக்கியது. இரு பதிவுகளுமே சங்கீதத்தின் கடைசியில் வரும் கொடூரமான பழிவாங்கல் வசனத்தை விட்டுவிட்டு, 19-ஆம் சங்கீதத்தின் சாந்தமான இறுதி வேண்டுதலை ஒட்டவைத்திருக்கின்றன. நடன அரங்குகளில் ஒலித்த பாட்டு இவ்வளவு கனமானது என்று அறியும்போது பெரியவர்களுக்கு வரும் திகைப்பைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம்.

அடுத்த படியாக, ஒரே கதையை இருவர் எடுத்தாளும் விதத்தை ஒப்பிட வேண்டும். ஆபிரகாம் தம் மகனைப் பலியிடப் போன கதையைச் சொல்லும் ஆதியாகமம் 22-ஐத் தேர்ந்தெடுப்பது நம் ஊருக்கு மிகவும் பொருந்தும், ஏனென்றால் ஹரி ராயா ஹாஜி (பக்ரீத்) விடுமுறையும் குர்பான் என்னும் பலியும் இங்கே எல்லா இனத்தாருக்கும் பழக்கமானவை. இப்ராஹிம் நபி தம் மகனைப் பலியிடத் துணிந்த நினைவே அந்நாள் என்பது பலருக்குத் தெரியும். இஸ்லாமிய மரபில் அந்த மகன் இஸ்மாயில் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. ஆதியாகமத்தில் அவன் ஈசாக்கு. மோரியா தேசத்துக்கு மூன்று நாள் பயணம், தகப்பனும் மகனும் விறகும் கத்தியும், 'தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே' என்ற மகனின் ஒரே ஒரு கேள்வி, கடைசி நொடியில் தேவதூதன், புதரில் சிக்கிய ஆட்டுக்கடா. இவற்றை முதலில் பட்டியலிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

டிலன் 1965-இல் 'ஹைவே 61 ரீவிசிட்டட்' பாடலின் முதல் சரணத்தில் இதைத் தெருப்பேச்சில் சொல்கிறார். கடவுள் கேட்கிறார்; ஆபிரகாமோ, விளையாடுகிறீர்களா என்பதுபோல் பதில் சொல்கிறார்; கடவுள் மிரட்டுகிறார்; சரி, எங்கே வைத்துக் கொல்வது என்று ஆபிரகாம் கேட்க, நெடுஞ்சாலை 61 என்று விடை வருகிறது. பட்டியலோடு ஒப்பிட்டால் தூதனும் இல்லை, ஆட்டுக்கடாவும் இல்லை, மகனுக்குப் பெயர்கூட இல்லை. அந்தச் சாலை டிலன் 1941-இல் பிறந்த மினசோட்டா மாநிலத்திலிருந்து தெற்கே நியூ ஆர்லியன்ஸ்வரை செல்கிறது. டிலனின் தந்தையின் பெயர் ஏப்ரம். பலிபீடம் மோரியாவிலிருந்து சொந்த ஊரின் சாலைக்கு இறங்கியிருக்கிறது; காப்பாற்ற வந்தவர் மட்டும் கூட வரவில்லை. சிரித்துக்கொண்டே கேட்கும் பாட்டு இது என்பதால் இந்த இன்மையைக் கவனிக்காமல் போவது எளிது.

கோஹென் 1969-இல் வெளியிட்ட 'ஸ்டோரி ஆஃப் ஐசக்' பாடலில் குரல் மகனுடையது. அவனுக்கு ஒன்பது வயது. ஆதியாகமம் அந்த இடத்தில் வயதைச் சொல்வதில்லை. தகப்பன் தன் தரிசனத்தைச் சொல்கிறார். மலையேறும் வழியில் மகன் ஒரு பறவையைப் பார்க்கிறான், அது கழுகா பிணந்தின்னியா என்று அவனுக்கு உறுதியில்லை. மூலத்தில் ஒரு கேள்வியோடு ஓய்ந்துவிட்ட பிள்ளைக்கு இங்கே பாட்டு முழுவதும் பேச இடம் கிடைக்கிறது. பின்பகுதியில் அவன் இன்றைய பலிபீடங்களைக் கட்டுவோரைப் பார்த்து, உங்களுக்குத் தரிசனம் ஏதும் வரவில்லையே என்று சொல்கிறான். வியட்நாம் போர் நடந்த ஆண்டுகளில் வந்த பாட்டு என்பதை அறிந்தவர் அதை யாருக்குச் சொன்னதாகக் கொள்வார் என்று விளக்கத் தேவையில்லை. இதற்கு முன்பே, 1918-இல் போரில் இறந்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன், தூதன் தடுத்தும் கேளாமல் கிழவர் மகனைக் கொன்றார் என்று இக்கதையை முடித்துக் கவிதை எழுதியிருந்தார். கோஹெனோ தம் 82-ஆம் வயதில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வெளியிட்ட 'யூ வாண்ட் இட் டார்க்கர்' பாடலில், ஆபிரகாம் கடவுளுக்குச் சொன்ன 'இதோ அடியேன்' என்ற பதிலை எபிரேயத்திலேயே பாடினார். இளம்வயதில் மகனின் குரலை எடுத்தவர் முதுமையில் தகப்பனின் சொல்லை எடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது சிறுத்தொண்டரை நினைவுபடுத்துவார். நினைவுபடுத்தட்டும், பிள்ளைக்கறி சமைத்த பெரியபுராணக் கதையோடு ஒப்பிட்டால் பேச்சு சூடு பிடிக்கும், அங்கே சீராளன் உண்மையிலேயே அறுக்கப்பட்ட பிறகே திரும்பி வருகிறான் என்ற வேறுபாடும் தெரியும். ஆனால் நமக்கு நினைவு வருவது வேறு, பாட்டு சுட்டுவது வேறு. குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிவைக்க வேண்டும். இதைச் செய்யாத குழுக்கள் விரைவில் எல்லாவற்றிலும் எல்லாமும் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஆசிரியர் வேறு காரணம் சொல்லிவிட்டால் எதிரொலியே இல்லை என்று முடிவுகட்டுவது. த பேண்ட் குழுவின் 1968-ஆம் ஆண்டுப் பாடலான 'த வெயிட்' களைத்த பயணி ஒருவன் நாசரேத்துக்கு வந்து சேர்வதில் தொடங்குகிறது. படுக்க இடம் கேட்கிறான், கிடைக்கவில்லை. மோசேயும் லூக்காவும் நியாயத்தீர்ப்பு நாளும் அடுத்தடுத்து வருகின்றன. லூக்கா 2:7-இல் சத்திரத்தில் இடமில்லாமல் போனதை நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் பாட்டை எழுதிய ராபி ராபர்ட்சன், அந்த ஊர் பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத்து என்று சொல்லியிருக்கிறார்; மார்ட்டின் கித்தார்கள் செய்யப்படும் ஊர் அது, கித்தாருக்குள்ளே அந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதனால் வேதாகம எதிரொலி பொய்யாகிவிடுமா? என் கருத்தில் ஆகாது. பெயர் கித்தாரிலிருந்து வந்திருக்கலாம். மோசேயையும் லூக்காவையும் பக்கத்தில் நிறுத்தியது தற்செயல் ஆகாது. ஆசிரியர் சொன்னதை ஒரு சான்றாக எழுதிவைத்துக்கொண்டு, அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல் மேலே செல்லலாம்.

இலக்கியக் குறிப்புகளில் நான் எல்லோருக்கும் முதலில் கொடுப்பது 'ரிச்சர்ட் கோரி'. எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன் 1897-இல் வெளியிட்ட கவிதை பதினாறே வரிகள். ஊரே அண்ணாந்து பார்க்கும் செல்வந்தன் ஒருவனைப் பற்றி, இறைச்சியின்றி ரொட்டியைச் சபித்துக்கொண்டு வாழும் நகரத்து மக்கள் பேசுகிறார்கள். கடைசி வரியில் அவன் வீட்டுக்குப் போய்த் தன்னையே சுட்டுக்கொள்கிறான். சைமன் அண்ட் கார்ஃபங்கல் 1966-இல் வெளியிட்ட பாடல் இதே கதையைச் சொல்கிறது, ஆனால் சொல்பவன் அந்தச் செல்வந்தனின் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். தன் வறுமையைச் சபித்து, நான் ரிச்சர்ட் கோரியாக இருக்கக் கூடாதா என்று ஏங்குவது அவனுடைய பல்லவி. சாவுச் செய்தி வந்த பிறகும் அதே பல்லவி மாறாமல் திரும்புகிறது. கவிதை, பணக்காரனின் மனத்துக்குள் என்ன இருந்தது என்று வியப்பதோடு நிற்கிறது. பாட்டு, அந்தச் சாவை அறிந்தும் தன் ஏக்கத்தை விட முடியாத தொழிலாளியின் வயிற்றைக் காட்டுகிறது. பால்மரம் சீவிவிட்டு வரும் வழியில் துரையின் பங்களாவை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களிடம் இவ்விரண்டையும் தமிழில் கதையாகச் சொல்லி, எது உண்மை என்று கேட்டுப் பாருங்கள். கவிதையைவிடப் பாட்டு கசப்பானது என்று நான் நினைக்கிறேன். மறுப்பவர்களின் வாதமும் வலுவானதே.

அதே சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'ஐ ஆம் எ ராக்' பாடலில் வரும் தீவு, எந்த மனிதனும் தனித்தீவு அல்லன் என்று 1624-இல் எழுதிய ஜான் டன்னுக்கு நேர் மறுப்பு. டன்னைப் படிக்காதவருக்கு அது வெறும் தனிமைப் பாட்டாக ஒலிக்கும், படித்தவருக்கு வீம்பாக ஒலிக்கும். மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ் குழுவின் 2009-ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு 'சை நோ மோர்' ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகத்துப் பாட்டிலிருந்து வந்தது. ஜோனி மிட்செலின் 'வுட்ஸ்டாக்' தேடும் தோட்டம் ஏதேன். இவற்றைக் கண்டுகொள்வது எளிது; அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

இரண்டு மூலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பாடல்களுக்குத்தான் பொறுமை வேண்டும். 'ஹல்லேலூயா'வில் தாவீது யாழ் மீட்டுகிறார். அடுத்து ஒரு பெண் நிலவொளியில் கூரைமேல் குளிக்கிறாள். 2 சாமுவேல் 11-இல் உப்பரிகைமேல் உலாவியது தாவீது, குளித்தவள் பத்சேபாள்; பாட்டில் அவளே கூரைக்கு ஏறிவிட்டாள். அதே சரணத்தில் அவள் அவனை நாற்காலியில் கட்டித் தலைமயிரை வெட்டுகிறாள், அது நியாயாதிபதிகள் 16-இல் சிம்சோனுக்கும் தெலீலாளுக்கும் நடந்தது. நாற்காலியோ சமையலறை நாற்காலி. அரசனும் பலசாலியும் ஒரே ஆளாகி ஒரு சாதாரண வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். இதையெல்லாம் கவனிக்காமல் பல்லவியை மட்டும் நம்பிக் கல்யாண மண்டபங்களில் இப்பாட்டைப் பாடுகிறார்கள். பாடட்டும், இனிமையான மெட்டுத்தான்.

டிலனின் 1967-ஆம் ஆண்டு 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாடலுக்கு ஏசாயா 21:5 முதல் 9 வரை படிக்க வேண்டும். அங்கே பிரபுக்கள் உண்டு குடிக்கிறார்கள், ஜாமக்காரன் காவலில் நிற்கிறான், சோடி சோடியாகக் குதிரைவீரர் வருகிறார்கள், 'பாபிலோன் விழுந்தது' என்ற செய்தி வருகிறது. பாட்டில் இரண்டு குதிரைவீரர் நெருங்குகிறார்கள், காற்று ஊளையிடுகிறது, அத்துடன் முடிகிறது. செய்தி சொல்லப்படவே இல்லை. ஏசாயாவைப் படித்தவருக்கு மட்டும் அது என்ன செய்தி என்று தெரியும்.

டிலனின் 'டெசலேஷன் ரோ' பாடலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1965-இல் வந்த, பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும் அப்பாட்டில் காயீன், ஆபேல், நல்ல சமாரியன், நோவாவின் வானவில்லைப் பார்க்கும் ஒஃபீலியா, ராபின் ஹுட் வேடமிட்ட ஐன்ஸ்டீன், சண்டையிடும் எஸ்ரா பவுண்டும் டி. எஸ். எலியட்டும் என்று பெயர்கள் நெரிகின்றன. இங்கே ஒவ்வொரு பெயருக்கும் மூலம் தேடிக் கொண்டுவந்து அடுக்கினால் பாட்டு கைநழுவிப்போகும். இவர்களின் முகங்களை மாற்றி வேறு பெயர் கொடுக்க வேண்டியிருந்தது என்று பாடகனே இறுதிச் சரணத்தில் சொல்லிவிடுகிறான். ஓர் அமர்வுக்கு இரண்டு சரணங்கள் போதும். ஒவ்வொரு பெயருக்கும் அந்த மனிதர் தம் சொந்தக் கதையில் என்ன செய்தார், பாட்டின் பெயரிலுள்ள இந்தத் தெருவில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்ற இரு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதி, அவ்வாரத்துக்கு அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.